ஐஸ் அடித்தவன் மோதினால் நட்டஈடு கேட்பது எப்படி?

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் 14 வருடமாக எழுத்து வேலை பார்க்கிறேன். வழக்குரை தட்டச்சு செய்வது, கோப்புக் கட்டுவது, தவணைத் திகதியை டயரியில் எழுதி வைப்பது, வருகிற ஆட்களுக்கு நாற்காலி போட்டுக் கதை கேட்பது, எல்லாம் நான்தான். வீதி விபத்து வழக்குகளைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 ஒக்டோபரில் என் தம்பியைப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட, கோழித்தீவனம் ஏற்றிவந்த பட்டா (சின்ன லொறி) ஒன்று மோதியது. அன்று இரவு நான் விட்ட பிழைகளை வேறு யாரும் விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணியிடம் போவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவைதான் இதில் அதிகம் இருக்கின்றன.

முதலில் அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். தம்பி பால் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பட்டா எதிர்ப்பக்கத்திலிருந்து கோட்டைத் தாண்டி வந்து அடித்தது. 1990க்கு யாரோ எடுத்திருக்கிறார்கள், அம்புலன்ஸ் வந்து ஏற்றிவிட்டது. நான் வைத்தியசாலைக்கு ஓடிப்போன போது அந்தச் சாரதியையும் பொலிஸார் கொண்டுவந்து வாங்கில் இருத்தியிருந்தார்கள். 25 வயது இருக்கும். இரண்டு முழங்காலும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. பல்லை நறநறவென்று கடித்தான், மூன்று தரம் தண்ணீர் கேட்டான். மேலே குழல் விளக்கு பளிச்சென்று எரிந்தும் அவன் கண்மணி இரண்டும் கறுப்பாக விரிந்துபோய் இருந்தன.

“சேர், இவனுக்கு மருந்துச் சோதனையும் செய்யச் சொல்லுங்கோ” என்றேன் பொலிஸ்காரரிடம்.

“ஊதவைச்சுப் பார்த்தாச்சு தங்கச்சி. குடிக்கேல்ல. பூச்சியம்தான் காட்டுது.”

சரி என்று விட்டுவிட்டேன். தம்பியின் தொடை எலும்பு இரண்டாக முறிந்து கிடக்கிறது, அம்மா வெளியே கத்தி அழுகிறா, நான் எதைப் பார்ப்பது? ஆனால் பிழை அங்கேதான் தொடங்கியது.

ஊதவைக்கும் கருவி மதுவை மட்டும்தான் காட்டும். ஐஸ், ஹெரோயின், கஞ்சா, போதை மாத்திரை எதையும் அது கண்டுபிடிக்காது. சட்டமோ இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, மது அருந்திவிட்டு ஓட்டுவதையும் போதைப்பொருள் எடுத்துவிட்டு ஓட்டுவதையும் ஒரே வரியில் தடுக்கிறது. சந்தேகம் வந்தால் சாரதியை அரச வைத்திய அதிகாரி ஒருவரிடம் பரிசோதனைக்கு உட்படச் சொல்லப் பொலிஸாருக்கு அதிகாரம் உண்டு. அந்த நிலையில் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால் அல்லது கொன்றால் அது தனியான, பாரமான குற்றம். ஆகவே “ஊதவைத்தாச்சு” என்பது பதில் இல்லை.

எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். ஒரு தாளில் எழுதுங்கள். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளென்றாலும் பரவாயில்லை. இப்படி எழுதினால் போதும்:

“பொறுப்பதிகாரி அவர்கட்கு. இன்று மாலை 6.20 மணியளவில் இன்ன இடத்தில் நடந்த விபத்தில் இன்ன இலக்க வாகனத்தை ஓட்டிய சாரதி போதைப்பொருள் பாவித்திருந்ததாகச் சந்தேகிக்கிறோம். அவருடைய கண்மணிகள் விரிந்திருந்தன, உடல் நடுங்கியது. மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவின் கீழ் அவரை உடனடியாக அரச வைத்திய அதிகாரியிடம் முற்படுத்தி, இரத்த, சிறுநீர் மாதிரிகளைப் பெற்றுப் பரிசோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

திகதி, நேரம், கையொப்பம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமோ முத்திரையோ வாங்குங்கள். தர மறுத்தால் அந்தத் தாளைத் தொலைபேசியில் படம் பிடித்து, அதே இரவில் அந்தப் பகுதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். “நாங்கள் அன்றைக்கே கேட்டோம்” என்று நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அதுதான். சாரதி பரிசோதனைக்கு மறுத்தால் மறுத்ததையும் பதியச் சொல்லுங்கள். மறுப்பு அவனுக்கு நல்லதாக முடியாது.

நான் இதை மறுநாள்தான் செய்தேன். எங்கள் சட்டத்தரணி ஐயாவே காலையில் கடிதம் எழுதித் தந்தார். பின்னேரம் மூன்று மணிக்குச் சிறுநீர் எடுத்தார்கள், ஐஸ் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் சாரதியை முதல் நாள் இரவே பிணையில் விட்டிருந்தார்கள். இப்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வது இது: “விபத்து நடந்த பயத்தில், வீட்டுக்குப் போன பிறகுதான் எனது கட்சிக்காரர் அதைப் பாவித்தார்.” முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இல்லை என்று நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? அந்த வாங்கில் நான் பார்த்த கண்ணும் ஆடிய முழங்காலும்தான்.

அதனால் நேரக் கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைன் சிறுநீரில் பொதுவாக 1 முதல் 3 நாள் வரை தெரியும், இரத்தத்தில் அதைவிடக் குறைவான நேரம். ஹெரோயினுக்கே உரிய அடையாளப் பொருள் சில மணித்தியாலங்களில் போய்விடும். அதன் பிறகு மிஞ்சுவது மோர்பின் மட்டும், அது மருந்தாலும் வரலாம் என்று வாதாட இடமிருக்கிறது. கஞ்சா நேர்மாறு. தொடர்ந்து புகைப்பவனின் சிறுநீரில் வாரக்கணக்கில் கிடக்கும். அப்படியென்றால் சிறுநீரில் கஞ்சா இருந்ததை வைத்து மட்டும் ஓட்டும்போது போதையில் இருந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரத்த மாதிரியும், வைத்தியர் கண்ணால் கண்டு எழுதிய குறிப்பும் அங்கேதான் பெறுமதியாகின்றன. மாதிரிகள் கொழும்புப் பக்கம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய் வர மாதங்கள் ஆகும். அதுவரை வைத்தியரின் குறிப்பில் கண்மணி, நாடித்துடிப்பு, நடை, பேச்சு எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐஸ் எடுத்தவன் எப்போதும் துடிதுடித்துக்கொண்டுதான் இருப்பான் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு மூன்று இரவு கண் மூடாமல் ஓடிவிட்டு, மருந்து இறங்கும் நேரத்தில் சுக்கானைப் பிடித்தபடியே தூங்கி விழுவதும் அதே மருந்தின் வேலைதான். நெடுந்தூரம் ஓடும் சில பேர் நித்திரை வராமலிருக்கத்தான் இதைத் தொடுகிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு, வண்டிக்குள் ஏறி வேறொன்றைக் கொளுத்துகிறவர்களையும் ஏ9 வீதியில் கண்டிருக்கிறோம்.

பரிசோதனை நடக்கவேயில்லையா? வழக்கு செத்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நட்டஈட்டு வழக்கில் நீங்கள் காட்ட வேண்டியது சாரதியின் கவனயீனத்தை. போதை அதைப் பலப்படுத்தும், அவ்வளவுதான். கோட்டைத் தாண்டி வந்தது, பிரேக் பிடித்த தடமே இல்லாதது, வெளிச்சம் போடாமல் வந்தது எல்லாம் தனித்தனியாகவே கவனயீனம்.

அந்தத் தடங்களைக் காப்பாற்றுவது படங்கள்தான். விபத்து நடந்த இடத்தில் யாராவது ஒரு பெடியனைப் பிடித்து இவற்றை எடுக்கச் சொல்லுங்கள்: வாகன இலக்கத் தகடு, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வீதியில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகள், டயர் தடம், இரண்டு வாகனமும் நின்ற நிலை. கூடவே ஒன்று, எல்லோரும் மறப்பது: வாகனத்தில் என்ன ஏற்றியிருந்தார்கள் என்பதையும் எடுக்க வேண்டும். எங்கள் வழக்கில் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவன் எடுத்த படத்தில், பட்டாவின் பின்பக்கம் சரிந்து கிடந்த தீவன மூட்டைகளும், மூட்டையில் குத்தியிருந்த ஒரு பில்லும் தெரிகின்றன. பில்லில் கடையின் பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அது ஏன் பெரிய விஷயம் என்று பிறகு சொல்கிறேன்.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதிவிட்டு “இதில சைன் பண்ணுங்கோ” என்றால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு ஐயாவின் வாக்குமூலத்தில், அவரே குறுக்கே பாய்ந்ததாக எழுதியிருந்தது. அவர் சொன்னது, தான் குறுக்கே பாயவில்லை என்று. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இனி இரண்டாவது நேரக் கணக்கு. எங்கள் மேசையில் நான் கண்ட மிகப் பெரிய துயரம் இதில்தான் நடக்கிறது.

விபத்து ஒன்று நடந்தால் இரண்டு நீதிமன்றம். பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது குற்றவியல் வழக்கு. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு 5 வருடம் வரை சிறை என்கிறது. பாரிய காயம் என்றால் 329. அந்த வழக்கில் நீங்கள் வெறும் சாட்சி. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், அதை நீங்கள்தான் போட வேண்டும். யாரும் உங்களுக்காகப் போடமாட்டார்கள். போடுவதற்குக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தரும் காலம் 2 வருடம். விபத்து நடந்த நாளிலிருந்து.

சனம் என்ன செய்கிறது? “பொலிஸ் கேஸ் முடியட்டும், பேந்து பார்ப்பம்” என்று இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் தவணை மேல் தவணை போகும். பகுப்பாய்வாளர் அறிக்கை வரவில்லை, சாட்சி வரவில்லை, சாரதி வரவில்லை, பிடியாணை. மூன்றாம் வருடம் தீர்ப்பு வரும். தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒரு அம்மா, குற்றப்பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தா. மகன் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. குற்றப்பணம் அரசாங்கத்துக்குப் போனது, அவவுக்கு இல்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

குற்றவியல் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். சாரதி அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து இங்கே போடலாம். அத்துடன் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17(4)ஆம் பிரிவின்படி, குற்றவாளியாகக் கண்டவரிடமிருந்து பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவானே கட்டளையிட முடியும். தண்டனை சொல்லும் நாளில் உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணி எழுந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது பெரும்பாலும் நினைவுக்கே வராது. நாங்கள் தம்பியின் வழக்கை 2024 செப்டெம்பரில், இரண்டு வருடம் முடிய மூன்று கிழமை இருக்கப் போட்டோம். 14 வருட அனுபவக்காரியின் சொந்த வழக்கே அப்படி என்றால் பாருங்கள்.

யார் மேல் போடுவது? சாரதி மேல் மட்டும் போட்டால் வெல்வீர்கள், காசு வராது. அவனிடம் இருப்பது ஒரு தொலைபேசியும் அடகில் இருக்கும் மோதிரமும். வாகனத்தின் சொந்தக்காரரைச் சேர்க்க வேண்டும். ஆனால் எங்கள் நாட்டுச் சட்டத்தில் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவர் பொறுப்பாகிவிட மாட்டார். ஓட்டியவர் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவரா, அல்லது அவருடைய வேலையாக ஓடினாரா என்று காட்ட வேண்டும். இப்போது அந்தத் தீவன மூட்டையின் பில் ஏன் பெரிய விஷயம் என்று விளங்குகிறதா? “பெடியன் எனக்குச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்” என்று பட்டாவின் சொந்தக்காரரான கடைக்காரர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். தன் கடைத் தீவனத்தையும் சொல்லாமலா ஏற்றிக்கொண்டு போனான்? சாரதி ஐஸ் பாவிப்பவன் என்று தெரிந்தே திறப்பைக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி இருந்தால் அது இன்னொரு வழி. அது சொந்தக்காரரின் சொந்தக் கவனயீனம்.

இதில் ஒரு சிக்கல் எங்கள் பக்கம் அடிக்கடி வரும்: ஓப்பன் பேப்பர். வாகனம் கைமாறியிருக்கும், பெயர் மாறியிருக்காது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் எடுத்தால், வவுனியாவில் யாரோ ஒருவர் பெயர் இருக்கும். அவர் “நான் எப்பவோ வித்திட்டன்” என்பார். லீசிங் வாகனம் என்றால் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். எங்கள் ஐயாவின் வழி, பெயரில் இருப்பவரையும் கையில் வைத்திருந்தவரையும் சாரதியையும் மூன்று பிரதிவாதிகளாகப் போட்டுவிடுவது. யார் சொந்தக்காரர் என்று அவர்களே தங்களுக்குள் அடிபடட்டும்.

அப்புறம் காப்புறுதி. சாரதி போதையில் இருந்தால் காப்புறுதி நிறுவனம் பட்டாவின் உடைவுக்குக் காசு கொடுக்காது. அது அவர்கள் பிரச்சினை. காயப்பட்டவரின் கதை வேறு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. மரணத்துக்கோ காயத்துக்கோ நீதிமன்றம் தீர்ப்புத் தொகை விதித்தால், தன் பொலிசியை இரத்துச் செய்ய நிறுவனத்துக்கு உரிமை இருந்தாலும்கூட அந்தத் தொகையைச் செலுத்த வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது, “சாரதி போதையில் இருந்தமையால் எமக்குப் பொறுப்பில்லை” என்று. நிறையக் குடும்பங்கள் அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. போகாதீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வழக்குப் போடுவதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிய நேரத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குத் தாக்கல் செய்யும் அதே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைக் கோப்பில் ஒட்டிவிடுங்கள். நான் பசை போட்டே ஒட்டியிருக்கிறேன்.

அடித்துவிட்டு ஓடி, வாகனமே கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையின் நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொகை சிறியது, இருந்தாலும் விடாதீர்கள்.

வருமானத்தைக் காட்டுவதுதான் வன்னியில் பெரிய பாடு. சம்பளத் துண்டு யாரிடம் இருக்கிறது? வயல்காரர் என்றால் கமநல சேவை நிலையப் பதிவு, கடற்றொழில் என்றால் சங்கக் கடிதம், கூலி வேலை என்றால் வேலை கொடுத்தவரின் கடிதமும் கிராம அலுவலரின் உறுதியும். தம்பிக்குக் கைகொடுத்தது பால் துண்டுகள். சேகரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு நாளும் லீற்றர் எழுதித் தரும் அந்தச் சின்னத் துண்டுகளை அம்மா பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு வைத்திருந்தா. ஏனென்று அவவுக்கே தெரியாது. மாதவாரியாகப் பிரித்து நூலால் கட்டினேன். விபத்துக்குப் பிறகு வந்த மாதங்களுக்குக் கட்டே இல்லை, மாடுகளை விற்றுவிட்டோம். அவ்வளவு தெளிவான கணக்கை எந்தக் கணக்காளராலும் எழுத முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வாகனம் பிடித்துப் போன செலவு, துணைக்கு நின்றவரின் வேலை இழப்பு, வாங்கிய ஊன்றுகோல், எல்லாவற்றுக்கும் துண்டு வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம். தலைக்கவசம் போடாதது போன்ற உங்கள் பக்கப் பிழை இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்தப் பங்கைக் குறைப்பார்கள், முழுதாகத் தள்ளமாட்டார்கள். சாரதி போதையில் இருக்கிறான் என்று தெரிந்தும் அவன் வண்டியில் ஏறியவருக்கும் குறைப்பு வரலாம்.

உயிர் போயிருந்தால், முன்பெல்லாம் செத்தவரின் உழைப்பில் தங்கியிருந்ததற்கான பணக் கணக்கை மட்டுமே கேட்கலாம். உழைக்காத பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், ஒருவரின் மரணத்துக்காகக் குடும்பத்தவர் நட்டஈடு பெறுவதற்கென்றே வந்தது. உங்கள் சட்டத்தரணியிடம் அந்த இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் அவர்கள் வருவார்கள். எங்களிடம் ஐந்தாம் நாள் வந்தார்கள். ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று, அப்பிள், ஒரு நீளக் கவர், கூடவே எங்களுக்கும் அவர்களுக்கும் தெரிந்த ஒரு பெரியவர். “பிள்ளை, பெடியன்ர எதிர்காலம், கோடு கச்சேரி எண்டு அலையாம முடிச்சுவிடுவம்.” கவரோடு ஒரு தாளும் இருந்தது. “இனிமேல் எந்தவித உரிமையும் கோரமாட்டேன்” என்று கடைசி வரி. அம்மாவுக்கு வாசிக்கக் கண்ணாடி இல்லை, பேனையை வாங்கிவிட்டா. நான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தேன். இரண்டு நிமிடம் பிந்தி வந்திருந்தால் முடிந்திருக்கும். உதவியாகத் தருகிறவர்களிடம் வாங்குவது உங்கள் விருப்பம். வாங்கினால் “வைத்தியச் செலவுக்கான உதவியாக, எனது உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்” என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வந்த தாளில் மட்டும் வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் வருமானச் சான்று, முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலை நோய் விபர அட்டை, படங்கள், துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். கோப்பின் முன் அட்டையில் விபத்து நடந்த திகதியையும், அதற்கு நேர் கீழே இரண்டு வருடம் முடியும் திகதியையும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். நிழற்பிரதிகளை மட்டும் கொடுங்கள், மூலப்பிரதியைக் கையை விட்டு விடாதீர்கள்.